மஞ்சளா, வெள்ளையா, நீலமா?

அத்தியாயம் 11

வைக்கோல் வண்டியை மலை என்று நினைத்து, மலையை வலம் வருகிற உத்தேசத்தில் காரை வேர்க்கடலைக் கொல்லைக்குள் இறக்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். போன வாரம் அவரைக் கொல்லையிலேயே விட்டுவிட்டு வந்தோம். இப்போது வீடு வந்து சேர்ந்துவிட்டார். தணிகாசலம், வயது அறுபத்திரண்டு, மூடிப்போன பஞ்சாலை ஒன்றின் முன்னாள் ஃபிட்டர், சாரம் என்கிற பேட்டையில் தன் தெருவிலேயே முதன்முதலில் கார் வாங்கியவர்.

செஞ்சியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், மகள் கார்குழலியின் நிச்சயதார்த்தத்துக்கு நேரம் பேசி முடித்துவிட்டுத் திரும்பும்போதுதான் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்ந்து ஏழு மணி. வண்டிக்குள் நாலு பேரும் நாலு விதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நின்றது, வண்டியும் நின்றது, சுற்றிலும் கடலைச் செடி. வைக்கோல் வண்டிக்காரர் இறங்கி வந்து, ஜன்னலில் குனிந்து, வழி தப்பிவிட்டதா என்று ரொம்ப மரியாதையாக விசாரித்தார். திட்டியிருந்தால்கூடத் தணிகாசலம் தாங்கியிருப்பார்.

வீடு வந்து சேரும்வரை செல்வாம்பாள் வாயைத் திறக்கவில்லை. முப்பத்து நாலு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் ஒன்றே கால் மணி நேரம் தொடர்ந்து பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் இறங்கியதும் தீர்ப்பைச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு நல்ல நேரம். நாலு மணிக்கு இங்க கிளம்பியாகணும். தை மாசப் பனி, எதிர்ல யானை நின்னாலும் தெரியாது. புதன்கிழமை விளக்கு வெக்கிற நேரத்துக்குள்ள இந்த வண்டிக்குக் கண்ணு தெரியணும். தெரியலன்னா சாவி அருள்கிட்ட."

அருள் என்பது மகன் அருள்முருகன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மூன்றே நாளில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவன். அவன் அப்பாவுக்குக் கற்றுக்கொடுக்க மூன்று வாத்தியார்கள் தேவைப்பட்டார்கள். அதில் ஒருவர் அந்தக் கையோடு துபாய்க்கே போய்விட்டார்.

சாவிதானே, போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய விஷயமா அது? கார்குழலிக்கு எட்டு வயதிருக்கும்போது, அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன ஒரு நாள், அவள் குதிகால் சக்கரக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. ரத்தத்தைப் பார்த்து அவள் அழவில்லை. தணிகாசலம்தான் அழுதார். அழுதுகொண்டே, உன் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் உன்னைக் காரில் உட்கார வைத்து நானே ஓட்டிக்கொண்டு போவேன் என்று நடுரோட்டில் சத்தியம் செய்து கொடுத்தார். அப்போது அவர் சொத்து அந்தச் சைக்கிள் ஒன்றுதான், அதிலும் பெல் கிடையாது. குதிகாலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சத்தியமும் இருக்கிறது.

திங்களும் செவ்வாயும் அபிப்பிராயம் கேட்பதிலேயே கரைந்தன. பல்பு என்றால் ஏதோ கண்ணாடிக் குமிழ் என்றுதான் அதுவரை அவர் நினைத்திருந்தார். அது அரசியல் கட்சி மாதிரி, ஆளுக்கொன்று உண்டு, அடுத்தவனுடையது நாட்டைக் கெடுத்துவிடும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

மகன் நீலக் கட்சி. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதினேழு பக்கம் இங்கிலீஷில் அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தான். நீலப் பூச்சுப் பூசிய பல்பு, வைரம் மாதிரி வெள்ளை வெளிச்சம், ஐயாயிரம் கெல்வின் என்றான். கெல்வின் என்பவர் எந்தக் கம்பெனிக்காரர் என்று தணிகாசலம் கேட்டார். அது ஆள் இல்லை, வெளிச்சத்தின் நிறத்துக்கு அளவு என்றான் மகன். வெளிச்சத்தை வாட்ஸில்தானே அளப்பார்கள் என்று கேட்டதற்கு, அது பல்பு குடிக்கிற கரண்டுக்கு அளவு என்றான். அப்படியானால் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதை எதால்தான் அளப்பது? அதற்கு மூன்றாவதாக இன்னொரு அளவு இருந்தது, பதின்மூன்றாம் பக்கத்தில். தணிகாசலம் மோர் கேட்டார்.

எதிர்வீட்டு தேவதாஸ் மஞ்சள் கட்சி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயர் முசியே, பிரெஞ்சில் ஐயா. பிரான்ஸில் ஐம்பது வருஷத்துக்கு மேலாக எல்லாக் காருக்கும் முன்விளக்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது, தொண்ணூற்று மூன்றில் அதைக் கைவிட்டார்கள், அன்றிலிருந்து பிரான்ஸ் பிரான்ஸாகவே இல்லை என்பது அவர் கட்சிக் கொள்கை. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியிலிருந்து, கோழிக்குஞ்சைத் தூக்குவது போல இரண்டு மஞ்சள் பல்புகளைப் பஞ்சோடு தூக்கி வெளியே வைத்தார்.

"கண்ணுக்கு இதமா இருக்கும் தணிகாசலம். பனியில வெள்ள வெளிச்சம் திரும்பி நம்ம மூஞ்சிக்கே வந்து அறையும். மஞ்சள் அறையாது. போய்த் தட்டும், கதவைத் திறக்கும், உள்ள போகும்."

"கதவா, முசியே?"

"பனியோட கதவுப்பா."

தணிகாசலம் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டதை மறந்துபோய் இன்னொரு தடவை சாப்பிட உட்கார்ந்தார். அவ்வளவு குழப்பம்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நெல்லித்தோப்பில் முருகையன் கடை வாசலில் போய் நின்றார். முருகையன் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். கடை ஒரு ஜமக்காளம் அகலம். அதற்குள் இந்தியாவில் ஓடுகிற அத்தனை வண்டிகளின் நரம்புகளும் சுருட்டிக் கிடந்தன.

முருகையன் அதிகம் பேசுகிறவரில்லை. ஹெட்லைட்டுக்கு, பிரைட்டில் அறுபது, டிம்மில் ஐம்பத்தைந்து வாட்ஸ், சாதாரண வெள்ளை, நல்ல கம்பெனி, புதுசாக ஒரு ஜோடி. கீழே பம்பரில் மாட்டியிருக்கிற ஃபாக் லேம்புக்கு மஞ்சளில் ஒரு ஜோடி, அதையும் தலையைக் கவிழ்த்து ரோட்டைப் பார்க்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம் என்றார். நூறு வாட்ஸ் போட்டால் தனியாக ரிலே வைத்து ஒயர் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹோல்டர் மெழுகுவத்தி மாதிரி உருகிவிடும். நீலம் பையன்கள் அழகுக்குப் போடுவது, அந்தப் பூச்சே பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

தணிகாசலத்துக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு சுலபமாக இருந்தால் பதினேழு பக்கம் ஏன் எழுதுகிறார்கள்? மில்லில் முப்பது வருஷம் மிஷின்களோடு குடித்தனம் நடத்தியவர் அவர். சத்தத்தை வைத்தே எந்த மிஷினுக்கு எங்கே வலி என்று சொல்லிவிடுவார். அவரிடமா இந்தச் சமாதானம்? எதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குறை தெரியும் என்பது அவர் தொழில் தர்மம்.

"ஒண்ணு பண்ணு முருகையா. இடது பக்கம் மஞ்சள் போடு, வலது பக்கம் நீலம் போடு. சாயங்காலம் சுவத்துல அடிச்சுப் பாத்துடலாம்."

முருகையன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ரெண்டு கண்ணும் ரெண்டு கலராண்ணே?"

"அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

முசியே கொடுத்த மஞ்சள் பல்பு ஹோல்டரில் உட்காரவில்லை. அதன் காதுகள் பிரான்ஸ் நாட்டு அகலத்தில் இருந்தன. அரத்தை எடுத்து ராவி உட்கார வைத்துவிடலாம் என்று தணிகாசலம் கிளம்பினார். முருகையன் அரத்தைப் பிடுங்கிப் பூட்டி வைத்துவிட்டு, தன் கடையிலிருந்தே ஒரு மஞ்சளை எடுத்து மாட்டினார். மாட்டி முடித்துவிட்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றவர், ஹெட்லைட் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். என்னப்பா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் கடையைக் கட்டிவிட்டு நானே வீட்டுப் பக்கம் வருகிறேன் என்றார்.

அவர் பார்த்தது ஒரு பொட்டை, பேசாமல் இருந்ததும் அதைப் பற்றித்தான். வண்டி வாங்கிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் செல்வாம்பாள் இரண்டு ஹெட்லைட்டிலும் சந்தனத்தைக் குழைத்து வட்டமாக அப்பி, நடுவில் குங்குமம் வைப்பாள். பழசின் மேல் புதுசு. வண்டியைக் கழுவுகிற தணிகாசலம், அந்த இரண்டு வட்டத்தை மட்டும் தண்ணீர் படாமல் சுற்றிக் கழுவுவார். சுமங்கலி வைத்த பொட்டை அழிப்பதாவது. அடுத்த வீட்டுப் பொம்பளை வைத்த பொட்டைப் பற்றி முருகையன் எந்த வாயால் பேசுவார்?

ஆறு மணி தாண்டி வெளிச்சம் மங்கியது. வீட்டிலிருந்து நூறு அடி தள்ளி, தெருக்கோடியில், மூடிக் கிடக்கிற ஒரு கிடங்கின் நீண்ட மதில் இருந்தது. அதைப் பார்க்க வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தினார் தணிகாசலம். அருள்முருகன் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான், கையில் பதினேழு பக்கம். முசியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். முருகையன் வந்தார். கார்குழலி கையில் மருதாணியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வாசலில் நின்றாள்.

ஸ்விட்சைப் போட்டார்.

மதிலில் இரண்டு வடை தெரிந்தது. ஒன்று மஞ்சள் வடை, ஒன்று நீல வடை. இரண்டுக்கும் நடுவில் ஓட்டை.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கெல்வின் பத்தவில்லை என்றான் அருள். நீலம் பக்கத்தில் இருப்பதால் மஞ்சள் கோபித்துக்கொண்டிருக்கிறது என்கிற மாதிரி முசியே ஏதோ சொன்னார். பேட்டரி என்றார் கூட்டத்தில் ஒருவர். டிம் போட்டுப் பாருங்கள் என்றார் இன்னொருவர். டிம் போட்டால் வடை கொஞ்சம் கீழே இறங்கியது, ஓட்டையும் கூடவே இறங்கியது. தணிகாசலம் பிரைட் போட்டார், டிம் போட்டார், வைப்பரைப் போட்டார், பதற்றத்தில் ரேடியோவையும் போட்டார்.

அப்போதுதான் செல்வாம்பாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். புது பல்பு போட்டிருக்கிறது, புதன்கிழமையானால் என்ன, ஒரு பொட்டு வைத்தால் சரியாகிவிடும் என்பது அவள் கட்சி.

எரிகிற விளக்குக்கு முன்னால் குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள். வெளிச்சம் பொட்டைச் சுற்றி விளிம்பில் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது, கிரகணம் பிடித்த சூரியன் மாதிரி. விரலால் தொட்டுப் பார்த்தாள். சந்தனம் இல்லை அது. நாலு வருஷம் வெயிலிலும் பல்புச் சூட்டிலும் வெந்து, ஓடு மாதிரி இறுகி, தோசைக்கல் கனத்துக்கு வளர்ந்திருந்தது.

"என்னங்க," என்றாள். குரல் இத்துனூண்டாக இருந்தது. "இது நானாங்க?"

தணிகாசலம் இறங்கி வந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்குள் ஒரு பெரிய சந்தோஷம் பொங்கியது. வைக்கோல் வண்டி மலையானதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, குற்றம் தன்மேல் இல்லை. ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷத்தை வாய்க்குள்ளேயே போட்டு மென்றுகொண்டார்.

அவளுக்கு வருத்தம் அதுமட்டுமில்லை. பெண்ணுக்கு நல்ல காரியம் நடக்க இன்னும் ஒரே நாள் இருக்கும்போது பொட்டை அழிப்பதா? முருகையன் இப்போதுதான் வாயைத் திறந்து, காலையிலேயே சொல்ல நினைத்தேன் அக்கா, சாமி விஷயம் என்று விட்டுவிட்டேன் என்றார்.

கார்குழலி அம்மாவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "அழிக்க வேணாம்மா. இடத்த மாத்திக்கலாம். முதல்ல இங்க வை." பானெட்டின் நடுவைக் காட்டினாள். செல்வாம்பாள் அங்கே சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். அதன் பிறகுதான் கண்ணாடியைத் தொட அனுமதி கிடைத்தது.

தண்ணீருக்கு அசையவில்லை. தேங்காய் நாருக்கு அசையவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த ஒற்றை எலுமிச்சம்பழத்தைக் கார்குழலி இரண்டாக அரிந்து, அப்பாவிடம் ஒரு மூடி, முருகையனிடம் ஒரு மூடி கொடுத்தாள். இடது கண்ணைத் தணிகாசலம் தேய்த்தார், வலது கண்ணை முருகையன். ஓடு அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. மேலே போன வெள்ளி, அதற்கு அடியில் போன வருஷத்து ஆயுத பூஜை, அதற்கும் அடியில் வண்டி வாங்கிய நாளின் குங்குமம், பவழம் மாதிரி சிவப்பாக. தொல்பொருள் துறைக்கு ஆள் அனுப்பியிருந்தால் ஆறு மாதம் தங்கித் தோண்டியிருப்பார்கள்.

கண்ணாடி கண்ணாடியானதும் முருகையன் தன் கட்சியை நிலைநாட்டினார். மஞ்சளையும் நீலத்தையும் கழற்றிவிட்டுச் சாதாரண வெள்ளை ஜோடியை மாட்டினார். ஃபாக் லேம்புக்கு மஞ்சள் ஜோடி. அதில் முசியேவுக்குப் பரம திருப்தி.

ஸ்விட்சைப் போட்டதும் தெரு முழுக்க ஒரு "ஆ" கேட்டது. மதிலில் இருந்த எறும்பு வரிசைகூடத் தெரிந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் பிற்பாடு சத்தியம் செய்தார். கிடங்கு வாசலில் படுத்திருந்த நாய், சூரியன் இந்தப் பக்கம் உதித்துவிட்டதாக நினைத்து எழுந்து சோம்பல் முறித்தது. அருள்முருகன் பதினேழு பக்கத்தையும் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

எல்லாரும் மதிலைப் பார்த்தார்கள். ஓட்டப் போகிறவர் மட்டும் மதிலைத் தேடினார்.

தணிகாசலம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தது பஞ்சு. மில்லில் பஞ்சு சிக்கெடுக்கிற கார்டிங் மிஷினிலிருந்து பொதபொதவென்று இறங்குமே, அதே வெள்ளைப் பஞ்சு, தெருவை அடைத்துக்கொண்டு. அதற்குள் மதில் இருந்தாலும் இருக்கலாம். தெருவிளக்கைப் பார்த்தார். அதைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் இருந்தது.

"முசியே, அந்த லைட்டச் சுத்தி வளையம் தெரியுதா?"

"எந்த வளையம்?" என்றார் முசியே.

தணிகாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்களெல்லாம் மரியாதைக்காகப் பொய் சொல்கிறார்களா? நாய்கூடவா பொய் சொல்லும்? ஒருவேளை இடது பக்கம் இன்னும் சரியாகத் தேய்க்கவில்லையோ? அதைத் தேய்த்தது அவர்தானே. பல்பில் பழுதா? பனி இறங்கிவிட்டதா? கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். பஞ்சு அங்கேயேதான் இருந்தது.

வாசலில் நின்றிருந்த செல்வாம்பாள், வண்டியைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் நம்ம வீட்டுக்குள்ள போங்க," என்றாள். "அருள், நீயும்தான். முசியே, உள்ள டீ இருக்கு. யாராவது பக்கத்துல நின்னா பரீட்சையில பிட்டு குடுத்துருவீங்க."

பரீட்சையா என்று கேட்டான் அருள். ஆமாம் என்றாள். தான் மதில் ஓரம் போய் நிற்கப் போவதாகவும், தன் கையில் என்ன இருக்கிறது என்று வண்டியில் உட்கார்ந்தபடியே அவர் சொல்ல வேண்டும் என்றும், சரியாகச் சொன்னால் வெள்ளிக்கிழமை அவர்தான் ஓட்டுவார், அதற்குமேல் ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது என்றும் சொன்னாள். தெருவில் அவள் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது. கூட்டம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

தணிகாசலம் தனியாக உட்கார்ந்திருந்தார். செல்வாம்பாள் வெளிச்சத்துக்குள் நடந்து போனாள். பத்தடி வரை அவள் செல்வாம்பாள். இருபதடியில் ஒரு புடவை. அதற்கப்புறம் பஞ்சு அவளைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டது.

"நின்னுட்டேன்," என்று குரல் வந்தது.

முன்னால் சாய்ந்தார். மூக்கு கண்ணாடியில் முட்டியது. தூரத்தில் கறுப்பாக ஒரு தூண் மாதிரி இருந்தது. அது மனைவியாக இருக்கலாம், மதில் ஓரத்து வேப்பமரமாகவும் இருக்கலாம். இரண்டில் எது கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும்?

"சொல்லுங்க."

வெறும் கண்ணால் ஆகாது என்று தெரிந்ததும் அவர் மூளையைப் போட்டார். முப்பத்து நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இவள் கையில் என்ன இருக்கும் என்று தெரியாதா? வண்டி எங்கே கிளம்பினாலும், திருவண்ணாமலைக்கானாலும் மளிகைக் கடைக்கானாலும், சக்கரத்துக்கு அடியில் வைக்க அவள் எதை எடுத்துக்கொண்டு வருவாள்?

ஹாரனை இரண்டு தடவை அடித்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி கம்பீரமாகச் சொன்னார்.

"எலுமிச்சம்பழம்."

கொஞ்ச நேரம் கழித்துக் கொலுசுச் சத்தம் மட்டும் வந்தது. அந்த நூறு அடியை அவள் நடந்து வர, செஞ்சியிலிருந்து நடந்து வருகிற நேரம் ஆனது. பஞ்சுக்குள்ளிருந்து முதலில் ஒரு புடவை வந்தது. பிறகு முகம் வந்தது. ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தாள்.

"ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நின்னேங்க," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பஸ்ஸ நிறுத்துற மாதிரி ஆட்டிக்கூடப் பாத்தேன். கையில ஒண்ணுமே இல்ல."

தணிகாசலம் ஸ்டியரிங்கைப் பார்த்தார். அது நன்றாகத் தெரிந்தது. அவள் விரல்களும் தெரிந்தன, நகக்கண்ணில் ஒட்டியிருந்த சந்தனமும் தெரிந்தது.

"கண்ணாடிய இன்னும் கொஞ்சம் தேய்க்கணும் போல," என்றார்.

"கண்ணாடி சுத்தமாத்தாங்க இருக்கு."

வீட்டுக் கதவு திறந்து கூட்டம் மொத்தமும் வெளியே கொட்டியது. அருள்முருகன் முன்னால் வந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவன் கை, சாவியை வாங்குகிற கை மாதிரிதான் தணிகாசலத்துக்குத் தெரிந்தது. தானே கழற்றிக் கொடுத்துவிடுவது கௌரவம் என்று நினைத்து, இக்னிஷனை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

"என்னம்மா, கரெக்டா சொன்னாரா?"

செல்வாம்பாள் நிமிர்ந்தாள். புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்லிட்டாரு," என்றாள். "எலுமிச்சம்பழம்தான்."

பிராவோ என்றார் முசியே. முருகையன் தன் பல்பைத் தானே மெச்சிக்கொண்டு தலையை ஆட்டினார். அருள்முருகன் அப்பாவின் தோளில் தட்டி, வெள்ளிக்கிழமை நான் பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருகிறேன் என்றான். எல்லாருக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார் தணிகாசலம். எதற்கு என்ன பதில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. முப்பத்து நாலு வருஷத்தில் செல்வாம்பாள் அவருக்காகப் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. காப்பாற்றிவிட்டாளா, மாட்டிவிட்டாளா என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டாள். இக்னிஷனிலிருந்து சாவியை உருவினாள். சாவியை எடுத்தாலும் அணையாத ஹெட்லைட்டின் வெளிச்சம் இன்னும் மதிலில் இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று தணிகாசலத்துக்குத் தோன்றவில்லை. சாவியை முந்தானையில் வைத்து ஒரு முடிச்சு போட்டாள், மேலே இன்னொரு முடிச்சு போட்டாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலையில நான் எடுத்துத் தரேன்."

யாரிடம் தருவாள் என்று அவள் சொல்லவில்லை.

கார்குழலி மட்டும் கூட்டத்தோடு சேராமல் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். அம்மாவின் முந்தானையைப் பார்த்தாள். அப்பாவின் சிரிப்பைப் பார்த்தாள். பிறகு படியிறங்கி வந்து குனிந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த எதையோ பொறுக்கி எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். வண்டி வெளிச்சத்துக்கு முன்னால் வந்ததும் உள்ளங்கையை விரித்தாள்.

சந்தனக் கறை படிந்து, பிழிந்து சக்கையான இரண்டு எலுமிச்சை மூடிகள்.

"ஏம்மா," என்றாள், "நம்ம வீட்ல இருந்தது இந்த ஒரே பழம்தானே?"